சர்வே நம்பர் சார்

கல்லாவி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அவரைக் கண்டுபிடிப்பது சுலபம். மடியில் ஒரு ரெக்சின் பை. சட்டைப் பையில் இரண்டு பேனா. நீலம் மனு எழுத, சிவப்பு அடிக்கோடு போட. அவர் யாரையும் பேர் சொல்லிக் குறிப்பிட மாட்டார், சர்வே நம்பர்தான். "அதோ பைக்ல போறானே, நூத்திப் பதினாலு பார் ரெண்டு பி. அவங்கப்பன் காலத்துல எட்டு சென்ட். இப்போ காம்பவுண்டுக்குள்ள பதினொண்ணு இருக்குது. மூணு சென்ட் எங்கேர்ந்து வந்துச்சு? நிலம் குட்டி போடுமா?"

அவர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியதில்லை, எந்த ஆபீசிலும் கையெழுத்துப் போட்டதில்லை. ஆனாலும் ஊருக்கு அவர் 'சார்'. சம்பளமில்லாமல் சர்க்காருக்கு உழைக்கிறவருக்கு அந்த மரியாதையாவது தர வேண்டாமா? மறைந்து கிடக்கும் புறம்போக்கைத் தேடிப் பிடித்து, அதன் சொந்தக்காரரான சர்க்காரிடமே காட்டிக்கொடுப்பதுதான் அவருடைய தொழில். சர்க்காரோ, தொலைந்ததாக ஒருநாளும் புகார் கொடுத்ததில்லை.

பைக்குள் ஒரு குட்டி தாலுகா ஆபீஸ் இருக்கிறது. 'அ' பதிவேட்டின் நகல், மடித்து மடித்துக் கிழிந்த எஃப்.எம்.பி. என்ற நில அளவை வரைபடம், தகவல் அறியும் மனுவில் ஒட்டப் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு, ஆக்கிரமிப்புப் புகார்களுக்கான 2014-ஆம் வருஷத்து அரசாணை 540, பொது நிலங்களை மீட்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2011-இல் ஜக்பால் சிங் வழக்கில் கொடுத்த தீர்ப்பு, எல்லாம் ஜெராக்ஸ். மீட்டர் வந்து எத்தனையோ காலமாகியும் அவர் லிங்க் கணக்கில்தான் பேசுவார். "நாலு லிங்க் உள்ள வந்துட்டான்" என்றால் இரண்டரை அடிக்குக் கொஞ்சம் மேல். அடியில் சொன்னால் அற்பமாகத் தெரிவது, லிங்கில் சொன்னால் குற்றமாகிவிடுகிறது.

அவருடைய நிலப்பற்றுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. தம்பி மகளைப் பெண் கேட்டு வந்து, பிறகு மறுத்துவிட்ட வீட்டின் களத்துமேடு வண்டிப்பாதையில் இருப்பது, மறுத்த மறுநாளே அவர் கண்ணில் பட்டது. உள்ளாட்சித் தேர்தலில் எதிரணிக்கு வேலை செய்தவரின் மாட்டுக்கொட்டகை ஓடைப் புறம்போக்கு. கடன் சொல்லாதே என்ற மளிகைக்காரரின் முன்படி ரோட்டுப் புறம்போக்கு. அவர் தினமும் உட்காரும் டீக்கடை பெஞ்சும் அதே ரோட்டுப் புறம்போக்கில்தான் கால் ஊன்றியிருக்கிறது. கேட்டால், "அது மக்கள் பயன்பாடு" என்பார்.

இப்படிப்பட்டவர்களுக்கு நம்முடைய தாலுகா மட்டும் தாய்நாடு அல்ல. இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி 1536 முதல் 1540 வரை மடாலயங்களைக் கலைத்து அவற்றின் நிலத்தையெல்லாம் அரசுக்கு எடுத்துக்கொண்டார். 1547-இல் அவர் மகன் எட்வர்ட் காலத்தில் இறந்தவர்களின் ஆன்மாவுக்காக வழிபாடு நடத்த விட்டிருந்த மானியங்களும் போயின. சும்மா இருப்பார்களா ஜனங்கள்? ஆளுக்குக் கொஞ்சம் மறைத்துக்கொண்டார்கள். அந்த நிலங்களை மோப்பம் பிடித்துச் சொல்கிறவருக்கு, அதையே சல்லிசான வாடகைக்கோ மானியமாகவோ கொடுப்பது முதலாம் எலிசபெத் அரசியின் வழக்கம். கஜானாவைத் தொடாமல் அரசவைக்காரர்களைத் திருப்திப்படுத்த இதைவிட மலிவான வழி ஏது? எட்வர்ட் டையர் என்று ஒரு கவிஞர், அரசியின் கடைக்கண்ணுக்காகக் கவிதை எழுதிக் களைத்தவர். 1588-இல் அவருக்கும் நிலம் தேடும் உரிமை கிடைத்தது. தேடல் பெரிய பிரபுக்களின் கோட்டை வாசலில் நிற்கவில்லை. ஊர்க் கோயில், தர்ம ஆஸ்பத்திரி, ஏழை விடுதி என்று பத்திரத்தைப் பத்திரப்படுத்தத் தெரியாதவர்களைத் தேடித்தான் போனது. கூச்சல் தாங்காமல் 1570-களிலேயே அரசி ஒரு பிரகடனம் போட்டுக் கடிவாளம் இழுக்க வேண்டியிருந்தது. அறுபது வருஷத்துக்கு மேல் அனுபவத்தில் இருப்பவனை அரசு கிளறக் கூடாது என்று 1624-இல் சட்டமே வந்தது.

அந்த அறுபது கப்பலேறி இங்கேயும் வந்தது. 1908-ஆம் வருஷத்துக் காலவரையறைச் சட்டத்திலும் அரசு வழக்குப் போட அறுபது வருஷம்தான். 1963-இல் அதை முப்பதாக்கினார்கள். சார் இதை மனப்பாடமாகச் சொல்வார். சொல்லிவிட்டு, "அதெல்லாம் சிவில் சூட்டுக்கு. நம்மகிட்ட ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அஞ்சு இருக்குது" என்று பையைத் தட்டுவார். 1905-ஆம் வருஷத்து நில ஆக்கிரமிப்புச் சட்டம் அவருக்குக் குலதெய்வம்.

கணக்கில் வராத நிலத்தைத் தேடுவது கல்லாவிப் பக்கத்துக்கும் புதிதில்லை. 1792-இல் திப்புவிடமிருந்து இந்தப் பகுதி அடங்கிய பாரா மகால் கைமாறியதும், கிழக்கிந்தியக் கம்பெனி கேப்டன் ரீடையும் அவருக்கு உதவியாகத் தாமஸ் மன்றோவையும் அனுப்பி நிலத்தை அளந்து வரி போடச் சொன்னது. அதற்குப் பிறகு எந்த ஓடை எந்தக் காட்டில் ஒளிந்திருக்கிறது என்பது கர்ணத்தின் தலைக்குள் இருந்தது. 1980-இல் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரை மணியம், கர்ணம் பதவிகளை ஒழித்தது. கர்ணத்தின் தலைக்குள் இருந்ததை யாரிடம் ஒப்படைப்பது என்று யாரும் சொல்லவில்லை. காலியான அந்த இடத்தில் சார் பாய் விரித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை வந்தால் அவருக்குத் தீபாவளி. கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர்க்கும் நாள். விடியலிலேயே சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஊத்தங்கரை போய்ப் பஸ் மாறுவார். மனுவில் 'பொருள்' ஒரு வரி, 'பார்வை' பதினொன்று. எல்லாம் இதே விஷயமாக அவர் முன்பு எழுதிய மனுக்கள். வரிசையில் நிற்கும் கிழவி முதியோர் உதவித்தொகைக்கு வந்திருப்பாள். அவளுக்கும் ஒரு மனு எழுதிக் கொடுத்து, கடைசி வரியில் அவளுடைய பக்கத்து வீட்டு ஆக்கிரமிப்பையும் சேர்த்துவிடுவார். கலெக்டர் மனுவை வாங்கி, அரை நிமிஷம் பார்த்து, பக்கத்து அதிகாரியிடம் தள்ளுவார். அந்த அரை நிமிஷம் கல்லாவி வந்து சேர்வதற்குள் அரை மணியாக வளர்ந்துவிடும். "உக்காருங்கன்னு சொன்னாரு. நான்தான் மத்தவங்க நிக்கறாங்களேன்னு உக்காரல."

மனு அங்கிருந்து தாசில்தார், தாசில்தாரிடமிருந்து ஆர்.ஐ., ஆர்.ஐ.யிடமிருந்து வி.ஏ.ஓ. என்று படியிறங்கி, கடைசியில் அவர் டீ குடிக்கும் பெஞ்சுக்கே வந்து சேரும். வி.ஏ.ஓ. பக்கத்தில் உட்கார்ந்து, "சார், உங்க மனு வந்திருக்குது. என்ன செய்யலாம்?" என்பார். எழுதியவரிடமே யோசனை கேட்கும் நிர்வாகம் உலகத்தில் வேறெங்கே உண்டு?

அவருடைய மகத்தான வெற்றி இப்படித்தான் ஆரம்பித்தது. தரிசில் ஓட்டு வீடு போட்டிருந்த ஒரு பழைய பகையாளி மேல் விடாமல் மனு. ஒருநாள் ஆளும் டேப்பும் வந்தார்கள். டேப்பின் ஒரு முனையைப் பிடித்தவர் சார்தான். ஆக்கிரமிப்பு உறுதியாகி, அடங்கலில் ஏறி, பகையாளிக்கு பி-மெமோ என்ற ஆக்கிரமிப்பு நோட்டீஸ் வந்தது. அபராதம் சில்லறைக் காசு. சார் ஊருக்கே டீ வாங்கிக் கொடுத்தார்.

பகையாளி அந்த பி-மெமோவை லாமினேஷன் போட்டார். அடுத்த வருஷத்துக்கும் கேட்டு வாங்கி அபராதம் கட்டினார். இத்தனை வருஷமாக இந்த இடத்தில் நான்தான் இருக்கிறேன் என்பதற்கு அதைவிட வலுவான சாட்சி ஏது? அந்தத் தரிசு ஆட்சேபணையற்ற புறம்போக்கு. வீடு கட்டிக் குடியிருப்பவர்களை வரன்முறைப்படுத்தும் திட்டம் வந்தபோது, ஆதாரம் கேட்ட அதிகாரியின் மேஜையில் ரசீதுகளை வரிசையாக அடுக்கினார். பட்டா வந்துவிட்டது. முதல் லட்டு சாருக்கு. "அண்ணா, நீங்க மட்டும் மனு போடலைன்னா நான் இந்த ஜென்மத்துல பட்டா பார்த்திருக்க மாட்டேன்." சார் லட்டைக் கையில் வைத்துக்கொண்டே வெகுநேரம் எஃப்.எம்.பி.யைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டையருக்கு அரசி நிலம் தந்தாள். ஜனநாயகம் நம்முடைய சாருக்குத் தந்திருப்பது, மனு ரசீது நிறைந்த ஒரு பை. இதிலே அவருக்குக் காசு ஆசை இருப்பதாகச் சொன்னால் நாக்கு அழுகிவிடும். தாலுகா ஆபீசில் பியூன் எழுந்து "வாங்க சார்" என்று சொன்னால் போதும், அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம்.

சிரித்தாயிற்று, நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஓசூரில் கம்பெனி வந்தது, பர்கூரில் சிப்காட் வந்தது, பக்கத்துப் போச்சம்பள்ளியில் ஸ்கூட்டர் தொழிற்சாலையே வந்துவிட்டது. மாந்தோப்புகளில் பிளாட் கல் நடுகிறார்கள். கல் நடும்போது முதலில் காணாமல் போவது ஓடையும் வண்டிப்பாதையும்தான். ஏரிகளைக் காக்க 2007-ஆம் வருஷத்துத் தனிச் சட்டமே இருந்தும், அப்படிப் பிளாட்டுக்குள் மறைந்த வாய்க்காலின் அகலம் லிங்க் கணக்கில் ஞாபகமிருப்பது ஊரில் ஒரே ஒருவருக்கு. அவர் இதுவரை அந்த வாய்க்காலுக்காக ஒரு மனுவும் போட்டதில்லை, ஏனென்றால் பிளாட் போட்டவர் பெங்களூர்க்காரர்; அவரோடு சாருக்கு எந்தப் பகையும் இல்லை.

ஆகவே கல்லாவி வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். யாராவது அந்த பெங்களூர்க்காரருக்கும் சாருக்கும் ஒரு சின்னச் சண்டை மூட்டிவிடுங்கள். வாய்க்காலைத் திங்கட்கிழமை அவர் பார்த்துக்கொள்வார்.