மலைக்கும் சேர்த்து வாரண்டி கேட்டு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்:
ஏலத்தோட்டக் கணக்குப்பிள்ளை,
போடிநாயக்கனூர்.

பெறுநர்:
வாரண்டிப் பிரிவுத் தலைமை அதிகாரி அவர்கள்,
பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்ளும் கார் கம்பெனி.

பொருள்: மேற்குத் தொடர்ச்சி மலை செய்த குற்றத்துக்கு என்னைத் தண்டித்தது தொடர்பாக.

பார்வை: தங்களின் ஒன்றரை வரி மின்னஞ்சல்.

மதிப்பிற்குரிய ஐயா,

என் டீசல் காரின் எஞ்சின் பழுதுக்கு வாரண்டி கிடையாது என்ற தங்கள் தீர்ப்பு வந்து சேர்ந்தது. காரணம் இரண்டு சொல்லியிருக்கிறீர்கள். பாதகமான சாலையில் ஓட்டியது ஒன்று. கலப்பட டீசல் ஊற்றியிருக்கலாம் என்பது இன்னொன்று. ஆக, முதல் குற்றவாளி மலை, இரண்டாம் குற்றவாளி பெட்ரோல் பங்க். எஞ்சின் மட்டும் நிரபராதி.

மலையின் சார்பில் சில வார்த்தைகள். தாங்கள் தேனியில் ஷோரூம் திறந்த அன்றைக்கும் அது அங்கேதான் இருந்தது. முந்தலில் ஏறத் தொடங்கினால் போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். கொச்சியையும் மதுரையையும் இணைக்கும் அந்தத் தடத்தை மத்திய அரசு இன்னமும் தேசிய நெடுஞ்சாலை என்றே நம்பிக்கொண்டிருக்கிறது. விடிவதற்குள் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் அதில் ஏறி, பூப்பாறைக்கும் சாந்தன்பாறைக்கும் போகின்றன. அங்கே விளையும் ஏலக்காய் போடி ஏல மையத்துக்கு இறங்கி வருவதும் இதே வழியில்தான். மலையேறாவிட்டால் எனக்குச் சம்பளம் இல்லை. சம்பளம் இல்லாவிட்டால் தங்களுக்கு மாதத் தவணை இல்லை.

தங்கள் விளம்பரப் படத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். மூடுபனி, பச்சைச் சரிவு, வளைவுக்குப் பின் வளைவு. தேனி பஸ் ஸ்டாண்டு நெரிசலில் கார் நிற்கும் காட்சி மருந்துக்கும் இல்லை. விற்கும்போது அழகாக இருந்த மலை, பழுதானதும் பாதகமாகிவிட்டது.

இனி நோய்க்கு வருவோம். முதலில் மீட்டரில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. பிறகு ஏற்றத்தில் இழுவை போனது. கடைசியில் எஞ்சினுக்குள் தட்டும் சத்தம். போடி மெக்கானிக் ஒருவர் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தார். ஊற்றாமலே ஆயில் மட்டம் மேல்கோட்டைத் தாண்டியிருந்தது. முகர்ந்துவிட்டு, "அண்ணே, பாதி டீசலு" என்றார். தங்கள் சர்வீஸ் சென்டர் ஸ்கேனரும் கணினியும் வைத்துக்கொண்டு பல நாள் தேடியும் கிடைக்காத தகவல் இது.

2020 ஏப்ரல் 1 முதல் விற்கப்படும் பிஎஸ்-6 டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்துவைக்க ஒரு ஃபில்டர் உண்டு. சேர்ந்த கரியை எரிக்கச் சுமார் 600 டிகிரி வெப்பம் வேண்டும். அந்தச் சூட்டைக் கொண்டுவர எஞ்சின் கூடுதலாக டீசலைத் தெளிக்கும். தோட்டத்துப் பாதையில் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஊர்ந்து, இறக்கத்தில் ஆக்சிலரேட்டரில் கால் வைக்காமல் வரும் வண்டியில் அந்த எரிப்பு பாதியிலேயே அறுந்துபோகிறது. எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியே ஆயிலில் இறங்குகிறது. ஆயில் நீர்த்துப்போனால் பேரிங்கும் டர்போவும் தேய்கின்றன. இதில் ஓட்டுநர் செய்த குற்றம் மலையில் பிறந்த பிழைப்பு மட்டுமே.

"விளக்கு எரிந்தால் 60 கிலோமீட்டர் வேகத்தில் நிறுத்தாமல் ஓட்டுங்கள்" என்று தங்கள் சர்வீஸ் அட்வைசர் வழி சொன்னார். போடிமெட்டு வளைவில் அந்த வேகத்தில் போனால் ஃபில்டர் சுத்தமாகும். என் கோப்பு வாரண்டிப் பிரிவிலிருந்து இன்சூரன்ஸ் பிரிவுக்கு மாறும்.

கலப்பட டீசல் விஷயத்தில் தங்கள் ஞானதிருஷ்டியை மெச்சுகிறேன். டேங்கிலிருந்து ஒரு சொட்டு எடுக்கவில்லை. எந்த ஆய்வகத்துக்கும் அனுப்பவில்லை. முடிவு மட்டும் வந்துவிட்டது.

சட்டத்துக்கு இந்தத் திருஷ்டி கிடையாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சோதிக்காமல் குறையைக் கண்டறிய முடியாது என்றால் பொருளை உரிய ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்கிறது. புதுக் காரில் எஞ்சின் சத்தம் என்று வந்த ஃபியட் இந்தியா வழக்கில், 2010இல், உச்ச நீதிமன்றம் சுதந்திரமான தொழில்நுட்ப வல்லுநரின் சோதனையைத்தான் நம்பியது. தயாரிப்பிலேயே குறை என்று அவர் சொன்னால் காரின் விலையைத் திருப்பித் தர வேண்டும் என்றது. தங்களுக்குச் சாதகமானதையும் மறைக்கவில்லை: 2006இல் மாருதி உத்யோக் வழக்கில், பழுதான பாகத்தை மாற்றித் தருவதுதான் வாரண்டிக் கடமை, காரையே மாற்றச் சொல்ல முடியாது என்று அதே நீதிமன்றம் சொன்னது. நானும் புதுக் கார் கேட்கவில்லை. அந்தக் கடமையைத்தான் கேட்கிறேன்.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். கரியை எரிக்க எஞ்சின் எத்தனை முறை முயன்று தோற்றது என்ற பதிவு காரின் கணினியில் இருக்கும். அதை அச்சிட்டுத் தாருங்கள். இரு தரப்புக்கும் பொதுவான வல்லுநர் முன்னிலையில் எஞ்சினைப் பிரியுங்கள். தயாரிப்பின் குறை என்று தெரிந்தால் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள்.

முடியாதென்றால், நான் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடப் புதிய சட்டம் இடம் தருகிறது. 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையுள்ள பொருளுக்கு மனுக் கட்டணம் 400 ரூபாய். தாங்கள் எனக்கு விற்ற மிதியடியின் விலையைவிடக் குறைவு. ஆணையம் இருக்கும் தேனி வரை சமவெளிதான். வழியில் ஒரு கொண்டை ஊசி வளைவும் கிடையாது. ஆணையத்துக்கு வர முடியாமல் போனதற்குப் பாதகமான சாலையைத் தாங்கள் காரணம் காட்ட இயலாது.

இப்படிக்கு,
தங்கள் தவணையைத் தவறாமல் கட்டும்
வாடிக்கையாளர்.

நகல்: இதே ஒன்றரை வரியைப் பெற்ற மற்ற கார்க்காரர்களுக்கு. நிராகரிப்பை எழுத்தில் வாங்குங்கள். ஜாப் கார்டைத் தொலைக்காதீர்கள். கழற்றிய பாகத்தை அவர்களிடம் விட்டுவராதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. புகார் கொடுக்கச் சட்டம் தரும் அவகாசம் 2 ஆண்டுகள். கம்பெனியின் பதிலுக்குக் காத்திருந்தே அதைக் கழித்துவிட வேண்டாம்.