இலை தின்னும் எந்திரம்

உணவுக்கழிவை அரைத்துச் சாக்கடையில் விடும் எந்திரத்தை 1927-இல் அமெரிக்காவின் ரசீன் நகரில் ஜான் ஹாம்ஸ் உருவாக்கினார். பாவம், சாத்தான்குளத்துப் பந்தியை அவர் பார்த்ததில்லை. இங்கே ஓட்டல் கழிவென்றால் வாழையிலையும் மென்று துப்பிய முருங்கைச் சக்கையும்தான். பிளேடில் நார் சுற்றினால் மெக்கானிக்கைத் தேட வேண்டும். அரைத்தது போய்ச்சேரப் பாதாளச் சாக்கடை வேண்டும்.

2016 திடக்கழிவு விதிகளோ, தினம் 100 கிலோவுக்கு மேல் குப்பை சேர்க்கும் ஓட்டல்கள் மக்குவதை இயன்றவரை வளாகத்துக்குள்ளேயே உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்றச் சொல்லியிருந்தன. நம் முதலாளிமார் கணக்கில் எந்தக் கடையும் தொண்ணூற்றொன்பதைத் தாண்டாது.

எந்திர விற்பனையாளர் கரண்டு, சர்வீஸ், வாரண்டி என்று அடுக்கிக்கொண்டிருப்பார். பின்வாசல் ஆடு அதற்குள் இலையை நரம்போடு முடித்திருக்கும். அதற்கும் வாரண்டி உண்டு, கோயில் கொடை வரை.