420-க்கு மாற்றல் உத்தரவு

2024 ஜூலை 1-ல் இந்தியத் தண்டனைச் சட்டம் ஓய்வு பெற்று, பாரதிய நியாய சன்ஹிதா பொறுப்பேற்றது. 511 பிரிவுகள் 358 ஆகின. நீதிமன்ற ஊழியர்களுக்கோ பயிற்சி வகுப்பு.

சினிமாக்காரர்களே மனப்பாடமாக வைத்திருந்த 420, இப்போது 318-ல் குடியிருக்கிறது. கொலைக்கு 302 என்று எழுதியே கை பழகிய பெஞ்ச் கிளார்க், இனி 103 என்று எழுத வேண்டும். பழக்க தோஷத்தில் 302 என்றே போட்டுவிட்டால், ஆளைக் கொன்றவர் பிறர் மத உணர்வைப் புண்படுத்தியவராகிவிடுவார். அதற்கு அதிகபட்சம் ஓராண்டுதான்.

பழைய எண்களை மறந்துவிடலாமா? அதுவும் கூடாது. ஜூலை 1-க்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய சட்டமே செல்லும். நம் வழக்குகள் நகரும் வேகத்தில், இன்று பணியில் சேர்பவர் பென்ஷன் வாங்கும்வரை இரண்டையும் சுமக்க வேண்டியதுதான்.

வகுப்பு முடிவில் "சந்தேகம் உண்டா?" என்று கேட்பது மரபு. மூத்த சிரஸ்தார் ஒருவர் எழுந்தால் இப்படித்தான் கேட்பார்: "காலியா கிடக்கிற டைப்பிஸ்ட் இடத்தை நிரப்ப எந்தப் பிரிவுங்கய்யா?"

"டீ ஆறிடும், வாங்க" என்பார் பயிற்சியாளர்.