நாரஹேன்பிட்டியில் ஒரு பலாப்பழம்

தெல்தோட்டைக்காரர் யாரிடமாவது கண்டி எவ்வளவு தூரம் என்று கேட்டுப் பாருங்கள். கிலோமீட்டர் கணக்கு வராது. "பஸ் கெடச்சா ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள, கெடைக்காட்டி நாளைக்கு" என்றுதான் பதில் வரும். கலஹா வழியாக மலையைச் சுற்றிச் சுற்றி இறங்கிப் பேராதனையில் மூச்சு வாங்கும் பஸ்ஸிலேயே ஆயுளில் பாதியைக் கழித்தவன் நான். தூரம் என்றால் நேரம், நேரம் என்றால் பஸ். இது எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். கொழும்புக்குப் போவதென்று முடிவானதும் எனக்கு மட்டும் மறந்துபோயிற்று.

இரண்டு இரவு, மூன்று பகல் பயணம். மகளின் கடவுச்சீட்டுக்காகப் பத்தரமுல்லையில் குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் போக வேண்டும். மனைவியின் காதுத்தோட்டை மாற்றப் புறக்கோட்டைச் செட்டியார் தெரு. அவளுடைய அக்கா மகளுக்குக் குழந்தை பிறந்திருப்பதால் மகரகம. என் பங்குக்கு, வெள்ளவத்தையில் கடற்காற்று வாங்கிக்கொண்டு ஒரு தோசை. நான்கும் நான்கு மூலையில். இதில் எங்கே தங்குவது?

கார் இருந்தால் இந்தக் கேள்வியே எழாது என்பீர்கள். 2020இல் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2025இல் மறுபடி திறந்தது. இரண்டு அறிவிப்பையும் கவனமாக வாசித்தேன். இரண்டாலும் என் வாழ்க்கையில் ஒரு மாற்றமும் ஏற்படவில்லை.

பாடசாலையில் என்னோடு படிப்பித்த நண்பர் ஒருவர், "யோசிக்காம வெள்ளவத்தைக்குப் போங்க மாஸ்டர்" என்றார். தமிழில் பேசி அறை எடுக்கலாம், தமிழ்ச் சாப்பாடு கிடைக்கும், வாசலிலேயே காலி வீதி, 100உம் 101உம் ஒன்றன்பின் ஒன்றாக வரும், பின்பக்கம் கடலோர ரயில். நல்ல யோசனைதான். ஆனால் வரைபடத்தில் பார்த்தால் வெள்ளவத்தை ஓரத்தில் கிடந்தது. ஒரு பக்கம் முழுக்கக் கடல். நமக்குக் கடலுக்குள் ஒரு வேலையும் இல்லையே!

நான் கணித ஆசிரியனாக இருந்தவன். அதுதான் வினை. சாப்பாட்டு மேசையில் கொழும்பு வரைபடத்தை விரித்து, போகவேண்டிய இடங்களில் ஒவ்வொரு மைசூர்ப் பருப்பை வைத்து, அடிமட்டத்தால் அளந்து நடுப்புள்ளி கண்டுபிடித்தேன். அது நாரஹேன்பிட்டியில் விழுந்தது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் இருக்கிற அதே நாரஹேன்பிட்டி. நாடு முழுவதும் வாகனம் வைத்திருப்பவர்கள் பதிவுக்காக ஓடிவரும் இடத்துக்கு வாகனம் இல்லாதவன் படுக்கப் போகிறான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மனைவி பருப்பு கழுவ வந்தாள்.

"என்னங்க, வெடிய வெள்ளன எங்க போய் நிக்கணும்?"

"பத்தரமுல்லையில."

"அப்ப அங்கயே படுத்துருவோம். மத்த எடத்துக்கு எந்நேரமும் போகலாம்."

சொல்லிவிட்டு, பத்தரமுல்லை, மகரகம, வெள்ளவத்தை, புறக்கோட்டை எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சட்டிக்குள் வழித்துப் போட்டாள். பத்தரமுல்லையில் விசாரித்த அறைக்கு ஓர் இரவுக்கு 1,500 ரூபாய் கூட. இரண்டு இரவுக்கு 3,000 மிச்சம் பிடிக்கும் ஆண்பிள்ளை நான். நாரஹேன்பிட்டியில், சந்துக்குள் சந்தாகப் போனால் வரும் ஒரு லொட்ஜில் அறை சொன்னேன்.

கைவீசிக்கொண்டு போனால் மரியாதையில்லை என்று மகரகமவுக்கு ஒரு பலாப்பழம். எட்டுக் கிலோ தேறும். எங்கள் குளிருக்கு மூன்று நாளில் பழுக்கும் பதம் பார்த்து வெட்டி, உரப்பையில் கட்டி, கண்டியிலிருந்து 1ஆம் இலக்க பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். கொழும்பு டவுன் பஸ்ஸில் கொண்டக்டர் "இஸ்ஸரஹட்ட யன்ன" என்று எல்லோரையும் முன்னுக்குத் தள்ள, நானும் பழமும் இரண்டு பயணிகளாக நகர்ந்தோம். முள் குத்திய ஒரு பெரியவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

மறுநாள் விடியற்காலை. பத்தரமுல்லை என் அடிமட்டத்தில் நான்கு விரற்கடைதான். ஆனால் ராஜகிரியவுக்குப் போய்த்தான் 177ஐப் பிடிக்க வேண்டும், ராஜகிரியவுக்குப் போக முதலில் சந்துகளிலிருந்து வெளியே வர வேண்டும். நாய்கள் வேறு விழித்திருந்தன. கோட்டையிலிருந்து பத்தரமுல்லை வழியாக மாலபே வரை இலகு ரயில் விட ஜப்பான் கடன் தருவதாக இருந்தது, 2020இல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள். அது வந்திருந்தால் நேரத்துக்குப் போயிருக்கலாமே என்று மகளிடம் விளக்கினேன். அது ஓடியிருந்தாலும் நீங்கள் ஸ்டேஷன் இல்லாத இடமாகப் பார்த்துத்தான் அறை எடுத்திருப்பீர்கள் என்றாள். ஆட்டோ பிடித்தோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, பத்தரமுல்லையில் தூங்கி எழுந்தவர்கள் தேநீர் குடித்துவிட்டு வரிசையில் எங்களுக்கு வெகுதூரம் முன்னால் நின்றார்கள். முழுநாளும் அங்கேயே போயிற்று. திரும்பவும் ஆட்டோ.

அறைக் கதவைத் திறந்தோம். கொழும்பு வெக்கைக்கு மூன்று நாளாவது, குளிராவது! பழம் ஒரே பகலில் பழுத்து, மாடி முழுக்க மணத்துக்கொண்டிருந்தது. மனேஜர் மூக்கைப் பொத்தவில்லை. அந்தளவுக்குப் பண்பானவர். நாளைக்கு எத்தனை மணிக்கு வெளிக்கிடுவீர்கள் என்று மட்டும் மூன்று தடவை கேட்டார்.

மூன்றாம் நாள் காலை 103இல் கோட்டைக்குப் போய், செட்டியார் தெரு வேலையை முடித்தோம். என் நடுப்புள்ளிக்குக் கிடைத்த ஒரே வெற்றி அந்த 103தான். திரும்பி வந்து பழத்தையும் பைகளையும் தூக்கிக்கொண்டு மறுபடி ஆட்டோ. கிருலப்பனைக்குப் போனால் ஹைலெவல் வீதியில் மகரகமவுக்கு 138 வரும் என்பது என் திட்டம். போகும் வழியில் ரயில் கேட் விழுந்தது. மீட்டர் ஓடிக்கொண்டிருக்க, எங்கள் மூக்குக்கு முன்னால் ஒரு ரயில் ஆடி அசைந்து போயிற்று.

"இது எங்க போற ரயில் தம்பி?"

"களனிவெளிப் பாதை ஐயா. நாரஹேன்பிட்டி, கிருலப்பனை, நுகேகொட, மகரகம."

ஆட்டோவுக்குள் யாரும் பேசவில்லை. இரண்டு இரவு படுத்த இடத்திலிருந்து மகரகமவுக்கு நேரே ரயில். என் வரைபடத்திலும் அந்தக் கறுப்புக் கோடு இருந்தது. அதை நான் வாய்க்கால் என்று நினைத்திருந்தேன்.

"அடுத்தது எத்தனை மணிக்கு?" என்று மெல்லக் கேட்டேன்.

"இனிப் பின்னேரந்தான் ஐயா."

மகள் கைபேசியை எடுத்துக் கணக்குப் பார்த்தாள். அறையில் மிச்சம் 3,000. ஆட்டோவுக்கு அதுவரை 5,200. கேட் இன்னும் திறக்கவில்லை.

வெள்ளவத்தைத் தோசையைப் பற்றி நான் வாய் திறக்கவேயில்லை.

மகரகமவில் குழந்தையைப் பார்த்தோம். என்னைப் பார்த்ததும் அழுதது. பழம் வெட்ட நிலத்தில் விரிக்க ஏதாவது வேண்டும் என்றார்கள். வீட்டில் பழைய பேப்பர் இல்லை. மனைவி என் பையைத் திறந்து வரைபடத்தை எடுத்து விரித்தாள். கத்திக்குத் தேங்காயெண்ணெய் தடவி, பழத்தைச் சரியாக நடுவில் வைத்து இரண்டாகப் பிளந்தாள். சுளை தேன்தான், சும்மா சொல்லக்கூடாது. சாப்பிட்டு முடித்து வரைபடத்தைத் தூக்கினால் வரவில்லை. நாரஹேன்பிட்டி பலாப்பாலில் சீமெந்து நிலத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது.