முரட்டு சிங்கிளின் விரத வாரம்

மு.சி. என்றதும் பழைய தமிழ்ப் புலவர் யாரோ என்று நினைத்துவிட வேண்டாம். முரட்டு சிங்கிள் என்பதன் சுருக்கம். திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் மாடிக்கு இரண்டு பேராவது தென்படுவார்கள். வயது கேட்டால் எண் வராது. "90ஸ் கிட்ஸ்" என்று பதில் வரும்.

காதலர் தினம் காதலிப்பவர்களுக்கு மறந்தாலும் மறக்கும், மு.சி.க்கு மறக்காது. சஷ்டி விரதம் ஆறு நாள் என்றால் இவர் விரதம் எட்டு நாள். பிப்ரவரி 7 ரோஸ் டே, 8 புரபோஸ் டே, 9 சாக்லேட் டே, 10 டெடி டே என்று 14 வரை திதி தவறாமல் ஒப்பிப்பார்.

முதல் நாள் பிரசங்கம். "மச்சான், இந்த ரோஜாவுக்காக ஓசூர்ல டிசம்பர்லயே கவாத்து பண்ணிடுறாங்க. எல்லாம் வியாபாரம்டா. ரகத்தோட பேரு என்ன தெரியுமா? தாஜ்மகால். பேர்லயே கல்லறை!" கோயம்பேட்டில் ஒரு கட்டு என்ன விலை என்பதும் அத்துப்படி. பூ வாங்குகிறவனுக்குக்கூட இவ்வளவு தெரியாது.

இரண்டாம் நாள் வாட்ஸப் ஸ்டேட்டஸில் ஒற்றைச் சிங்கம் ஏறும். 'சிவாஜி' படத்தில் சிங்கம் சிங்கிளாத்தான் வரும் என்று ரஜினி சொன்ன நாளிலிருந்து சிங்கத்துக்கு அந்தப் பெயர். உண்மையில் சிங்கம் குடும்பம் குட்டியோடு கூட்டமாக வாழும் பிராணி. தனியாகத் திரிவது புலிதான். சொன்னால் மு.சி. கோபிப்பார். சொல்லாதீர்கள்.

2023-இல் அவருக்கு ஒரு நம்பிக்கை பிறந்தது. பிப்ரவரி 14-ஐப் பசு அணைப்பு நாளாகக் கொண்டாடுங்கள் என்று இந்திய விலங்குகள் நல வாரியம் வேண்டுகோள் விடுத்தது. ஊரெல்லாம் சிரித்தது. 10-ஆம் தேதியே வாரியம் அதை வாபஸ் வாங்கியது. "மாடுகூட நம்மள வேணாம்னுடுச்சுடா" என்றார் மு.சி.

எட்டாம் நாள் பெசன்ட் நகர் பீச் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார். நங்கநல்லூர் போவார். 32 அடி உயரத்தில் ஆஞ்சநேயர் நிற்பதைப் பார்த்தால் பிரம்மச்சரியத்தின் மேல் யாருக்கும் மரியாதை வரும். ஆனால் வரிசையில் இவருக்கு முன்னால் நிற்பது, தாலிச் சரட்டில் மஞ்சள் மங்காத ஒரு புது ஜோடி.

தென்கொரியாவில் ஜோடி இல்லாதவர்களுக்கென்றே ஏப்ரல் 14 இருக்கிறது. கறுப்புக் குழம்பு ஊற்றிய நூடுல்ஸைக் கூடி உட்கார்ந்து தின்று துக்கத்தை ஆற்றிக்கொள்கிறார்கள். நம் மு.சி.க்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. அன்று இங்கே தமிழ்ப் புத்தாண்டு. ஊருக்குப் போனால் இலையில் வேப்பம்பூப் பச்சடி, அதைவிடக் கசப்பாக அம்மாவின் கேள்வி: "இந்த வருஷமாவது குரு பார்வை இருக்கான்னு ஜோசியரைக் கேக்கட்டுமாப்பா?"

மேன்ஷனில் இவரோடு அறையில் இருந்த நண்பருக்குக் கல்யாணமாகி நாலு வருஷம். பிப்ரவரி 14 சாயங்காலம் அவருக்கு ஒரு போன் வரும். "டேய், வீட்டுக்குப் பூ வாங்கினியா?" வாங்கியிருக்க மாட்டார். ஒவ்வொரு வருஷமும் அந்த வீட்டில் சண்டை வராமல் காப்பாற்றுவது மு.சி.தான். அந்த அம்மாளுக்கு இது தெரியாது.