நாய்ப்பெயரியல்: ஓர் அறிமுகம்

நாய்ப்பெயர் என்பது ஒரு நாயைப் பிற நாய்களிலிருந்து பிரித்து அழைப்பதற்காக மனிதர் இட்டு, அந்த நாயும் ஏற்றுக்கொண்ட சொல். இவ்வரையறையின் பின்பாதி முக்கியம். இட்டுவிட்டால் மட்டும் பெயராகிவிடாது. கூப்பிட்டால் வாலாவது அசைய வேண்டும். ஞமலி, ஞாளி, சுணங்கன், குக்கல் என்று நிகண்டுகள் அடுக்குபவை இனத்துக்கு உரிய பொதுச்சொற்கள். அவற்றில் எதைச் சொல்லி அழைத்தாலும் இன்று ஒரு நாயும் திரும்பிப் பார்க்காது. ‘தோ தோ’ என்றால் எல்லா நாயும் திரும்பிப் பார்க்கும். ஆனாலும் அது பெயர் ஆகாது, சோறு வைத்தாயிற்று என்ற அறிவிப்பு மட்டுமே. ‘சூ’ என்பது ஏவல் வினை. பைரவர் என்பதையும் இக்கணக்கில் சேர்க்க இயலாது. பைரவரின் வாகனம் என்பதால் தெருநாய்க்கும் மரியாதையாக வழங்கும் சொல் அது; பெயர் என்பதைவிடப் பதவி என்பதே பொருந்தும்.

தமிழகத்தில் சொந்தப் பெயரோடு நமக்குத் தெரியவரும் பழைய நாய்களுள் முதன்மையானது கோவிவன். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் உள்ள நடுகல், முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, 7ஆம் நூற்றாண்டு. எருமைகளை மீட்கும் சண்டையில் இறந்த கருந்தேவகத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல் அது. வீரனுக்குப் பக்கத்தில் நாயையும் செதுக்கி, அதன் பெயரையும், கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற செய்தியையும் பொறித்திருக்கிறார்கள். கள்ளர்களின் பெயரைப் பொறிக்கவில்லை. கோவிவன் என்பதைக் ‘கோ இவன்’ என்று பிரித்து, அரசன் என்று பொருள் கொள்ள ஆசை எழுகிறது. அப்படிப் பிரிக்கச் சான்று போதாது. ஆனால் இன்று தெருவுக்கு ஒருவராக வாழும் ராஜாக்களுக்கு ஒரு பல்லவர் கால முன்னோரைத் தேடித் தருவதில் யாருக்கும் நட்டமில்லை என்பதால், அவ்வாறே கொள்ளப்படுகிறது.

அடுத்த சான்று கன்னட நாட்டில் இருந்தாலும் அதன் வேர் தமிழ் மண்ணில்தான் இருக்கிறது. 949இல் தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் மடிந்தான். எதிரணியில் சிறப்பாகப் போரிட்ட மணலேரன் என்பவனிடம் அவனுடைய அரசன் வேண்டியதைக் கேள் என்றபோது, அவன் கேட்டது காளி என்ற வேட்டை நாயை. பின்னர் அந்தக் காளி ஒரு காட்டுப்பன்றியோடு மோதி, பன்றியும் நாயும் ஒருசேர மாண்டன. மாண்டியா மாவட்டத்து ஆதகூரில் அதற்குக் கல் எடுத்தார்கள். ஒரு பேரரசின் தோல்வியும் ஒரு நாயின் பெயரும் ஒரே கல்லில் இடம்பெற்றிருப்பதைச் சோழர் வரலாற்று ஆசிரியர்கள் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதற்கு நேர்மாறு மகாபாரதத்தில் வரும் நாய். தருமனோடு மலையேறிச் சொர்க்க வாசல்வரை சென்ற அதற்குப் பெயரே கிடையாது. காரணம் எளிது: அதை யாரும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை, அதுவாகவே பின்னால் வந்தது. நாய்ப்பெயரியலின் அடிப்படை விதி இங்கே தெளிவாகிறது. பெயர் பிறப்பது கூப்பிடும் தேவையிலிருந்துதான். பொருள் பிறகு வந்து ஒட்டிக்கொள்வது. பெரும்பாலும் தப்பான நாயின்மேல்.

கூப்பிடும் தேவையை முதலில் முறையாக ஆராய்ந்தவர் கிரேக்கரான செனபோன். கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இவர், வேட்டை பற்றிய நூலில் நாய்க்குச் சிறிய பெயராக வைக்கச் சொல்லி, எடுத்துக்காட்டாக 47 பெயர்களையும் தருகிறார். உயிர், காவலன், ஈட்டி என்று பொருள்படும் பெயர்கள் அவற்றுள் உண்டு. எல்லாம் வாயில் எளிதாக வருபவை; முயலைத் துரத்திக்கொண்டு ஓடுகிறவருக்கு நீண்ட பெயர் சொல்ல மூச்சு இருக்காது. தமிழர் செனபோனைப் படிக்காமலேயே அவர் வழியில் நடக்கிறார்கள். மணி, ஜிம்மி, டாமி, ரோஸி, ஜூலி, பப்பி, பிளாக்கி என்று பெருவழக்கான பெயர்கள் ஈரசையில் அடங்கி இகரத்தில் முடிகின்றன. இகரத்தில் முடியும் பெயர் விளிக்கும்போது ஈகாரமாகும் என்று தொல்காப்பிய விளிமரபு கூறும். நம்பி என்பது நம்பீ ஆவதுபோல மணி, மணீ ஆகிறது. ஈகாரத்தை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இழுக்கலாம். மூன்றாம் மாடியிலிருந்து தெருக்கோடிவரை போய்ச் சேர வேண்டிய ஒலிக்கு இதைவிடத் தோதான உயிரெழுத்து இல்லை. மாறாக, அர் என்று முடியும் பெயர் விளியில் ஈர் என்றாகும் என்பது அதே இலக்கணம். அதன்படி சீசர் சீசீர் என்றும், டைகர் டைகீர் என்றும் வர வேண்டும். நடைமுறையில் ரகர ஒற்றை உருட்டி அழைக்கிறார்கள். இது புறனடையில் அடங்கும்.

பொருள் வகையில் மூத்தது நிறப்பெயர். யமனின் இரு நாய்கள் சியாமன், சபலன். முன்னது கருப்பு, பின்னது புள்ளி. சபலனுக்கும் சபல புத்திக்கும் தொடர்பில்லை. வடமொழியில் வெவ்வேறான இரு சொற்கள் தமிழ் எழுத்தில் ஒன்றாகிவிட்டன. கருப்பன், வெள்ளையன், செவலை என்பவை இவ்வழியில் வந்தவை. ‘பரியேறும் பெருமாள்’ படம் 2018இல் வந்தபின் கருப்பி என்ற பெயரைச் சொல்லும்போது பலருக்குத் தொண்டை அடைக்கிறது. நிறப்பெயர்களில் இவ்வளவு கனம் ஏறிய பெயர் வேறில்லை. நகரங்களில் கருப்பன் பிளாக்கியாகவும் செவலை பிரௌனியாகவும் மாறினார்கள். புரூனோ என்பதும் செர்மானிய மொழிகளில் பழுப்பைக் குறித்த சொல்லிலிருந்து வந்ததுதான். கருகருவென்ற லாப்ரடாருக்கு அப்பெயரை இடுவோர் சொற்பிறப்பைச் சரிபார்ப்பதில்லை.

புலி என்றும் டைகர் என்றும் நாய்க்குப் பெயரிடுவதைச் சிலர் நகைப்பர். பூனையைக் கண்டு திண்ணைக்கடியில் பதுங்கும் பிராணிக்கு இது தகுமா என்பது அவர்கள் வினா. தொல்காப்பிய மரபியல் இவ்வினாவை முன்பே தீர்த்து வைத்திருக்கிறது. நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கின் குட்டிக்கும் குருளை என்பதே பெயர் என்கிறது அது. ஆகவே இளமையில் நாயும் புலியும் ஒரே பெயருக்கு உரியவை. அந்த உரிமையை வளர்ந்தபின்னும் தொடர்வதில் மரபு மீறல் எதுவுமில்லை. இதே விதியைக் கொண்டு நாய்க்குப் பன்றி என்றும் பெயரிடலாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இலக்கணம் இடம் கொடுக்கிறது. வீட்டுக்காரர்தான் இடம் கொடுப்பதில்லை.

இனி ஆங்கிலேயர் விட்டுச்சென்ற பெயர்கள். 1947இல் அவர்கள் கப்பலேறியபோது ஜேம்ஸ், தாமஸ், சீசர் மூவரையும் தெருவில் விட்டுவிட்டுப் போனார்கள். ஜிம்மி என்பது ஜேம்ஸின் செல்லவடிவம். ஜேம்ஸ், இலத்தீன் கிரேக்கம் வழியாக எபிரேயத்தின் யாக்கோபில் போய் முடிகிறது. யாக்கோபு பிறக்கும்போதே தமையன் ஏசாவின் குதிகாலைப் பிடித்துக்கொண்டு வந்தவர் என்பது விவிலியக் கதை. குதிகாலைப் பிடிப்பவன் என்றே பெயருக்கு விளக்கம் தரப்படுகிறது. சைக்கிளில் போகிறவரின் குதிகாலைக் குறிவைத்து ஓடிவரும் ஜிம்மியை அறிந்தவர்கள், உலகத்து நாய்ப்பெயர்களில் இவ்வளவு துல்லியமான காரணப்பெயர் வேறில்லை என்பதை ஒப்புவர். வைத்தவர்களுக்கு இது தெரியாது என்பதே இதன் சிறப்பு.

டாமி என்பது தாமஸ். அரமேயத்தில் இரட்டையர் என்று பொருள். ஓர் ஈற்றில் ஐந்தாறு குட்டி போடும் குலத்தில் ஒருவனை இரட்டையன் என்பது குறைத்துச் சொல்வதாகும். பிரித்தானியச் சிப்பாய்க்கும் டாமி என்பதே பட்டப்பெயர் என்பதால், வெள்ளைக்காரச் சிப்பாயின் பெயரை நாய்க்கு வைத்து நம்மவர் பழிதீர்த்துக்கொண்டார்கள் என்றொரு கொள்கையை முன்வைக்கலாம். ஆனால் வெள்ளைக்காரரே தம் நாய்க்கு அப்பெயரை வைத்திருக்கிறார்கள் என்பது அக்கொள்கைக்குச் சற்று இடைஞ்சல்.

சீசரின் கதை நீண்டது. உரோமச் சர்வாதிகாரியின் குடிப்பெயர், செர்மானியரிடம் கெய்சர் என்றும் உருசியரிடம் சார் என்றும் பேரரசரைக் குறிக்கும் சொல்லாயிற்று. இங்கிலாந்து மன்னர் ஏழாம் எட்வர்டிடம் சீசர் என்றொரு டெரியர் இருந்தது. 1910 மே மாதம் மன்னரின் இறுதி ஊர்வலத்தில் சவப்பெட்டியை அடுத்து அந்த நாய் நடந்தது; அதற்குப் பின்னால் ஒன்பது நாட்டு மன்னர்கள். அவர்களுள் ஒருவர் செர்மனியின் கெய்சர் இரண்டாம் வில்லெம். முன்னால் நாயாகப் போன சீசருக்கும் பின்னால் குதிரைமேல் வந்த கெய்சருக்கும் பெயர் ஒன்றே. முறைப்படி பார்த்தால் மூத்த வடிவம் முன்னால் சென்றதில் பிழையில்லை. நாய்ப்பெயரியலின் உச்ச நிகழ்ச்சியாக இந்த ஊர்வலத்தைக் கொள்வதே முறை. துணைச் செய்தி ஒன்று: ஜூலி என்பது ஜூலியஸ் என்ற குலப்பெயரின் வழிவந்தது. சீசரும் அதே ஜூலியஸ் குலம். ஆக, ஒரே தெருவில் வாழும் சீசரும் ஜூலியும் ஒரே கோத்திரம். ஒரே கோத்திரத்துக்குள் மணமில்லை என்ற விலக்கு கார்த்திகை மாதத்தில் கடைப்பிடிக்கப்படுவதாகத் தெரியவில்லை.

தமிழ்ப்பெயர்களுள் தலைமையிடம் மணிக்கு. மனிதருக்குச் சுப்பிரமணி, பாலசுப்பிரமணி என்று நீளும் பெயரின் வால் அது; நாய்க்கு முழுப்பெயரே அதுதான். இரத்தினம் என்றும், கோயில் மணி என்றும், கழுத்து மணி என்றும் மூவகையாகப் பொருள் சொல்லலாம். 1904இல் நோபல் பரிசு பெற்ற உருசியர் பாவ்லவ், உணவுக்கு முன் ஒலியெழுப்பிப் பழக்கினால் ஒலியைக் கேட்டதுமே நாய்க்கு எச்சில் ஊறும் என்று காட்டினார். மணியடித்தார் என்பதே உலகவழக்கு. தமிழர் மணியையும் நாயையும் ஒன்றாக்கி, ‘மணீ’ என்று கூப்பிட்டுச் சோறு வைத்து, கருவியே இல்லாமல் அதே விளைவைப் பெறுகின்றனர்.

மணி என்ற பெயர் இலக்கணச் சிக்கல் ஒன்றையும் கிளப்புகிறது. மணி வந்தானா, வந்ததா? நாய் அஃறிணை, பெயரோ உயர்திணைக்கும் உரியது. வீட்டில் உள்ளோர் ‘மணி சாப்பிட்டானா?’ என்றே கேட்கின்றனர். விருந்தாளிதான் ‘அது கடிக்குமா?’ என்கிறார். நன்னூல் இரு தரப்பையும் காப்பாற்றுகிறது. மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, சினம், இழிவு ஆகிய காரணங்களால் திணையும் பாலும் மயங்குவது இயல்பே என்பது அதன் விதி. நாயை ‘அவன்’ என்பது மகிழ்ச்சியால் வந்த வழுவமைதி. பக்கத்து வீட்டுக்காரரை ‘நாயே’ என்பது சினத்தால் வந்தது. ஒரே நூற்பா இரு வீட்டுக்கும் போதுமானது.

தொழிற்பெயர்கள் குறைவு. மாஸ்கோ தெருவில் பிடிபட்டு 1957 நவம்பரில் விண்வெளிக்கு அனுப்பப்பட்ட லைகாவின் பெயருக்குக் குரைப்பது என்பதே பொருள். அதற்கு முன் அது குத்ரியாவ்கா, அதாவது சுருள்முடிக்காரி. இசைத்தட்டுகளில் குழாய் முன் காதைச் சாய்த்து உட்கார்ந்திருக்கும் நாய் நிப்பர். பிரிஸ்டலில் வாழ்ந்த அதற்கு அப்பெயர் வந்தது, வந்தவர்களின் கெண்டைக்காலைக் கவ்வும் பழக்கத்தால். பொறுமையாகப் பாட்டுக் கேட்பதற்கு உலகம் முழுவதும் சின்னமானது ஒரு காலைக்கவ்வி என்பது ஓவியர் பிரான்சிஸ் பராடின் சாமர்த்தியம். தமிழில் காரணம் ஏதும் சொல்ல முடியாத தூய இடுகுறிப்பெயருக்கு எடுத்துக்காட்டு ஜீனோ. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வில் வரும் இயந்திர நாயான அது படிக்கும், பேசும், யோசனை சொல்லும். தன் பெயருக்கு யாரும் பொருள் தேடாததில் அதற்கு வருத்தம் இருந்திருக்க வேண்டும்.

ஊர்ப்பெயர் நாய்க்கு ஆவது தென்பாண்டி மரபு. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை எல்லாம் முதலில் ஊர்கள், பிறகு நாய்கள். 2005இல் ராஜபாளையம் அஞ்சல்தலையிலும் ஏறியது, ஊராக அன்று, நாயாக. எதிர்த்திசைக்கும் ஒரு சான்று உண்டு. அலெக்சாண்டர் தான் வளர்த்த பெரிதாஸ் என்ற நாய் இறந்தபோது ஒரு நகரை எழுப்பி அதற்கு நாயின் பெயரை இட்டதாகப் புளூட்டார்க் எழுதுகிறார். ஆனால் ஊர்ப்பெயர்களை விளியாகப் பயன்படுத்துவதில் இடர் உண்டு: கோம்பையில் நின்று ‘கோம்பை’ என்று நாயைக் கூப்பிட்டால், கூப்பிடுபவரின் மனநிலைபற்றி ஊரில் பேச்சு எழும்.

அண்மைக்காலப் பெயர்கள் தின்பண்டங்களை நாடுகின்றன: லட்டு, ஓரியோ, குக்கி. சிம்பாவும் மிகுதி. சுவாகிலி மொழியில் அதற்குச் சிங்கம் என்று பொருள். ஒலியை மட்டும் பார்த்துச் சிம்மத்திலிருந்து பிறந்தது என்று கொள்வோர் அவசரப்படுகின்றனர். இரண்டு கிலோ எடையுள்ள வெள்ளைப் பொமரேனியனுக்கே இப்பெயர் விரும்பி இடப்படுவதால், எடைக்கும் பெயரின் வீரத்துக்கும் தலைகீழ் விகிதம் இருக்கலாம் என்று கருத இடமுண்டு. கால்நடை மருத்துவமனையில் பெயருடன் வளர்ப்பவரின் பெயரும் சேர, ‘லட்டு நடராஜன்’ என்று அழைக்கும்போது எழுந்து நிற்பவர் நடராஜன்.

எஞ்சியிருப்பது பெயர்மாற்றம். தெருநாய்க்கு இது அன்றாடம். சோறு வைக்கும் வீடு எத்தனையோ அத்தனை பெயர், எல்லாவற்றுக்கும் ஒரே வால். வீட்டு நாய்க்குப் பெயர்மாற்றம் பெரும்பாலும் திருமணத்தால் நேர்கிறது. பெண்ணுக்குப் பார்த்த மாப்பிள்ளையின் பெயர் ராஜா என்று தெரியவந்தால், நிச்சயதார்த்தத்துக்கு முன்பே நாய் ராஜா அப்பெயரைத் துறக்க வேண்டியதாகிறது. முற்றிலும் புதிய பெயரானால் நாய் திரும்பாது. ஆகவே முதல் உயிரை மட்டும் மாற்றி ரோஜா என்று வைத்துவிடுகின்றனர். ஆண் நாய்க்கு அது பொருந்துமா என்று எவரும் கேட்பதில்லை. மாப்பிள்ளை மட்டும், யாராவது வாசலில் நாயைக் கூப்பிடும்போது, முதல் சில மாதங்களுக்கு இலேசாகத் திரும்பிப் பார்க்கிறார்.