பேய்ப்படத்து லிப்ஸ்டிக்

நான் லிப்ஸ்டிக் பூசுகிறவள் இல்லை. கல்யாணத்தன்று அலங்காரம் செய்ய வந்த பெண் வற்புறுத்திப் பூசிவிட்டதோடு சரி. அதையும் பந்தியில் பாயசத்தோடு சேர்த்துச் சாப்பிட்டுவிட்டேன். அப்படிப்பட்டவள் நூறு வருஷத்துப் பழைய லிப்ஸ்டிக் குழாய்களுக்கும் பவுடர் டப்பாக்களுக்கும் காசைக் கொட்டினால் எங்கள் அத்தைக்குக் கோபம் வரத்தானே செய்யும்? “பூசிக்கவும் மாட்டே, தூக்கிப் போடவும் மாட்டே. எதுக்குடி இந்தக் கருமம்?” என்பார். கண்ட பழைய லிப்ஸ்டிக்கும் இல்லை அத்தை, ஊமைப்பட காலத்துப் பேய்ப்படங்களின் பேரைச் சொல்லி விற்றவை மட்டும்தான் என்று நான் விளக்கினேன். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் எனக்குத் தனியாகத் திருஷ்டி சுற்றிப் போடுகிறார்.

இந்தப் பைத்தியத்துக்கு ஒரு மூலவர் உண்டு. 1925-இல் அமெரிக்காவில் யுனிவர்சல் நிறுவனம் ‘தி ஃபாண்டம் ஆஃப் தி ஓபரா’ படத்தை வெளியிட்டது. பாரிஸ் ஓபரா அரங்குக்கு அடியில், பாதாளத்தில், முகமூடி போட்டு ஒளிந்து வாழும் விகார முகத்தான் ஒருவன் மேலே பாடுகிற பெண்மேல் ஆசைப்படுகிற கதை. அவனாக லான் சேனி, பாடகியாக மேரி ஃபில்பின். இந்தப் படத்தை ஒட்டி நியூயார்க்கின் கார்லைல் லாபரட்டரீஸ் ‘ஃபாண்டம் ரெட்’ என்று ஒரு லிப்ஸ்டிக்கை விற்றது. விளம்பரத்தில் சிரிப்பவர் மேரி ஃபில்பின்.

பாதாளத்துப் பிசாசின் பேரில் உதட்டுச் சிவப்பு! இந்த யோசனை முதலில் யார் வாயில் வந்ததோ, அவர் கிடைத்தால் ஒரு மாலை போடுவேன். அந்தப் படத்தின் உச்சகட்டமே, ஆர்கன் வாசித்துக்கொண்டிருப்பவனின் பின்னால் மெல்ல வந்து கதாநாயகி முகமூடியைப் பிடுங்குவதுதான். மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு துளை, குழி விழுந்த கண், ஈறு தெரியும் பல். கொட்டகையில் அலறிவிட்டு வெளியே வருகிற பெண், அடுத்த கடையில் நுழைந்து, “அந்த ஃபாண்டம் ஒண்ணு குடுங்க” என்று கேட்பாள் என்று கணக்குப் போட்ட வியாபாரியின் தைரியத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் புல்லரிக்கிறது. சேனியின் அந்த முகத்தைப் படம் வரும்வரை விளம்பரங்களில் யுனிவர்சல் காட்டவே இல்லை. ஆகவே பாவம், முழு அழகுப் பொறுப்பும் மேரி ஃபில்பின் தலையில் விழுந்துவிட்டது என்பது என் கணிப்பு.

அடுத்த கூத்தைக் கேளுங்கள். அந்தக் காலத்தில் பெரும்பாலும் புழங்கிய ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பு கண் தெரியாது. சிவப்பு உதடு திரையில் கரி பூசியது போல் கறுப்பாக விழும். நீலக் கண்ணோ வெளிறிப் போகும். சிவப்பையும் உணரும் பான்குரோமாட்டிக் ஃபிலிம் பரவியபின், அதற்கென்றே மாக்ஸ் ஃபாக்டர் 1928-இல் தனி மேக்கப் வகையைக் கொண்டுவந்தார். அதற்கு முன் நிலைமை இதுதான்: ஃபாண்டம் சிவப்பைப் பூசிக்கொண்டு மேரி ஃபில்பின் காமிராமுன் நின்றிருந்தால், ரசிகர்களுக்குத் தெரிந்திருப்பது ஃபாண்டம் கறுப்பு.

படத்தில் சிவப்பு சிவப்பாகவே தெரிகிற இடமும் உண்டு. டெக்னிகலரில் எடுத்த மாறுவேட விருந்துக் காட்சி. அங்கே மாடிப்படியில் செக்கச்செவேல் என்று இறங்கி வருவது யார்? மண்டையோட்டு முகமூடியும் சிவப்பு அங்கியுமாக லான் சேனி. அசல் ஃபாண்டம் சிவப்பு அதுதான் என்பது என் கட்சி. என்ன பிரயோஜனம், அந்த மண்டையோட்டுக்கு உதடே கிடையாது.

குழாய்கள் அபூர்வம். பழைய சினிமாப் பத்திரிகைகளில் வந்த விளம்பரத் தாள்கள்தான் பெரும்பாலும் என் வசதிக்கு எட்டுகின்றன. அந்தக் கால அழகுசாதன விளம்பரங்களின் மூலையில் ஒரு கூப்பன் இருக்கும். பேரும் விலாசமும் எழுதி, பத்து சென்டோ என்னவோ சேர்த்து அனுப்பினால் சின்னதாக ஒரு மாதிரிக் குழாய் வீடு தேடி வரும். கூப்பன் வெட்டப்படாத தாளுக்கு மவுசு அதிகம். எனக்கோ மூலை வெட்டிய தாள்தான் உசத்தி. யாரோ ஒரு பெண் ராத்திரி விளக்கடியில் கத்தரியோடு உட்கார்ந்து, அப்பாவுக்குத் தெரியாமல் அதை வெட்டியிருக்கிறாள் அல்லவா? என் கணவருக்கும் இந்த ரசனை பிடித்திருக்கிறது. வெட்டிய தாள் விலை குறைவு.

கிடைத்த பண்டத்தைத் திறந்து முகர்வது மட்டும் ஆகாது. எண்ணெயும் மெழுகும் கெட்டு, காறல் நெடி மண்டையில் ஏறும். தங்கை மகள் ஒரு பவுடர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “எக்ஸ்பயரி டேட் எங்கே பெரியம்மா?” என்றாள். அந்தக் காலத்தில் அமெரிக்க மத்திய சட்டம் அழகுசாதனங்கள் பக்கம் எட்டியே பார்க்கவில்லை. 1933-இல் லாஷ் லூர் என்ற இமைச்சாயம் பூசிக்கொண்ட ஒரு பெண்ணின் பார்வையே போனது பெரிய செய்தியானது. 1938-இல்தான் சட்டம் வந்தது. திரையில் இருந்த பேய் யாரையும் தொட்டதில்லை. கைப்பைக்குள் இருந்ததுதான் தொட்டது.

பேய்ப்படத்தை வைத்து அழகுசாதனம் விற்கிற வியாபாரத்தில் ஜெர்மன்காரர்கள் சுத்த மோசம். 1922-இல் வந்த ‘நாஸ்ஃபெராட்டு’வில் பேயாக வரும் மாக்ஸ் ஷ்ரெக்கின் நகங்களைப் பார்த்திருக்கிறீர்களா? நகப்பூச்சு விற்க அதைவிட நல்ல விரல்கள் சினிமாவில் வந்ததே இல்லை. ஆனால் படம் எடுத்த பிராணா ஃபிலிம் அந்த ஒரு படத்தோடு திவால். ‘டிராகுலா’ கதையை அனுமதி இல்லாமல் எடுத்ததற்காக எழுத்தாளரின் மனைவி ஃப்ளாரன்ஸ் ஸ்டோக்கர் வழக்குப் போட்டு, பிரதிகளையெல்லாம் அழிக்கச் சொல்லி உத்தரவே வாங்கிவிட்டார். படமே தலைமறைவாகத் திரிந்தபோது நகப்பூச்சை எங்கே விற்பது?

போன மாதம் தங்கை மகளுக்கு ‘ஃபாண்டம்’ போட்டுக் காட்டினேன். முகமூடி கழன்றதும் தலையணையைக் கட்டிக்கொண்டாள்.

“இவருக்கு யார் பெரியம்மா மேக்கப்?”

“அவரே.”

அவள் நம்பவில்லை. லான் சேனி தன் முகங்களையெல்லாம் தானே செய்துகொண்டவர் என்றும், 1929-இல் என்சைக்ளோபீடியா பிரிட்டானிகாவுக்கு மேக்கப் பற்றி எழுதிக் கொடுத்ததே அவர்தான் என்றும் சொன்னேன். மீன் தோலை ஒட்டி மூக்கை மேலே இழுத்துக்கொண்டார் என்பார்கள் என்றதும், அதுவரை தூங்குவதுபோல் கிடந்த அத்தை, “மூக்குலயா? மீனையா?” என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

“அப்ப அந்தப் பொம்பளை படத்தைப் போட்டு எதுக்கு லிப்ஸ்டிக்? இவர் பெட்டியையே வித்திருக்கலாமே” என்றாள் தங்கை மகள். என் வாரிசு! அந்த மேக்கப் பெட்டி இன்னும் இருக்கிறதடி என்று ஆரம்பித்தேன். கணவர் டிவி சத்தத்தைக் குறைத்தார். அத்தை தாலியைத் தொட்டுக்கொண்டார். லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டியின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது, விற்பனைக்கு வராது என்று முடித்தேன்.

அன்று ராத்திரி வீட்டில் கேசரி.